மூச்சை எண்ணிய பிறகே மருந்து: கடல்மீன் தொட்டி பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மீன் நோய் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடை தரப்படுகிறது. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என்னுடைய 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒரு ஜோடி குளோன் மீன்களும் (கோமாளி மீன்கள்), அண்மையில் வாங்கிய நீல டேங் மீன் ஒன்றும், இரண்டு கிளீனர் இறால்களும் உள்ளன. டேங் வந்த சில நாட்களில் அதன் துடுப்புகளில் உப்புத்தூள் ஒட்டியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. நான்கே நாட்களில் அவை தாமாக மறைந்துவிட்டதால் நிம்மதி அடைந்தேன். இப்போது முன்னைவிட அதிகமாக வந்திருக்கின்றன. குளோன் மீனிலும் ஒன்றிரண்டு தெரிகின்றன. கடைக்காரர் நீல நிற மருந்து ஒன்றைக் கொடுத்து, தொட்டியிலேயே ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?
— வாசகர், சென்னை

பதில்: ஊற்ற வேண்டாம். அந்தப் புட்டியில் என்ன மருந்து இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீல நிறத்தில் விற்கப்படுவது மெத்திலீன் நீலமாகவும் இருக்கலாம், செம்பு சல்பேட் கரைசலாகவும் இருக்கலாம். முன்னது உங்கள் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைத்துக்கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கும். பின்னது இறால்களைக் கொன்றுவிடும். செம்பைப் பாறையும் பவள மணலும் உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவு உங்கள் கட்டுப்பாட்டில் இராது. பின்னாளில் இறாலோ நத்தையோ விட நினைத்தாலும் அந்தப் பாறையை நம்ப முடியாது.

உங்கள் கடிதத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் விவரம், புள்ளிகள் மறைந்து பிறகு கூடுதலாகத் திரும்பி வந்தன என்பதுதான். கடல்மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான கிரிப்டோகேரியான் இரிடன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்கள் வரை அங்கேயே தின்று வளர்கிறது. நம் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுவே. வளர்ந்ததும் அது மீனை விட்டு விலகி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, அதற்குள் பலவாகப் பிரிகிறது. இப்படி ஒரே உறையிலிருந்து இருநூறு வரையிலும், சில வேளை அதற்கு மேலும், புதிய ஒட்டுண்ணிகள் நீந்தி வெளிவரக்கூடும். ஆகவே புள்ளிகள் மறைந்த அந்த நாட்களில் மீன் குணமாகியிருக்கவில்லை; நோய் மீனிலிருந்து தரைக்கு இறங்கிப் பெருகிக்கொண்டிருந்தது. மருந்து ஊற்றிய மறுநாள் புள்ளி போய்விட்டது என்று பலர் மருந்துக்கு நற்சான்று தருவதும் இந்த இடைவெளியை வைத்துத்தான்.

ஆனாலும் இதை வெண்புள்ளி நோய் என்று உறுதி செய்வதற்கு முன், வெல்வெட் நோய் இல்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும்; அது அமைலூடினியம் என்ற வேறொரு ஒட்டுண்ணியால் வருவது, சில நாட்களில், சில வேளை ஒரே நாளில், தொட்டியையே காலி செய்துவிடக் கூடியது. வெண்புள்ளியை ஒவ்வொன்றாக எண்ண முடியும். வெல்வெட்டில் எண்ண இயலாத நுண்ணிய, சற்றே பொன்னிறமான துகள் படலம் இருக்கும். அதையும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து சாய்வாகப் பிடித்து, மீன் திரும்பும்போது பக்கவாட்டில் பார்த்தால்தான் காணலாம். பல நேரங்களில் அந்தப் படலம் தெரிவதற்கு முன்பே செவுள்கள் பாழாகியிருக்கும். அதனால்தான் புள்ளியைவிட மூச்சைக் கவனியுங்கள் என்று வலியுறுத்துகிறேன். மீன் நிதானமாக இருக்கும் நேரத்தில், கையில் கடிகாரத்துடன், செவுள்மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும் என்பதால், மீன் நலமாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்திருப்பது பெரிதும் உதவும். மூச்சு மிக வேகமாக இருந்து, மீன் வெளிச்சத்துக்கு அஞ்சி ஒதுங்கி, பம்ப் நீரைத் தள்ளும் வாய்க்கு எதிரே முகத்தை நீட்டியபடி அசையாமல் நின்றால், வெல்வெட் என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே செயல்படுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெண்புள்ளியையே காட்டுகின்றன. டேங் இரையும் எடுக்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது என்றால், மருந்தே இல்லாத இடமாற்ற முறையை நான் முதலில் பரிந்துரைப்பேன். மணல், பாறை எதுவும் இல்லாத இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்), மீன் ஒளிந்துகொள்ளச் சில பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இருந்தால் போதும். எல்லா மீன்களையும், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, முதல் தொட்டிக்கு மாற்றுங்கள். பிறகு 72 மணி நேரத்துக்குள் அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும்; இப்படி நான்கு முறை மாற்றினால் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி உறைகட்டிப் பிரிந்து வெளிவருவதற்கு மூன்று நாட்களாவது ஆகும் என்பதால், அது வெளிவரும்போது மீன் அங்கே இராது. காலியான தொட்டியையும் அதில் இருந்த பொருட்கள் அனைத்தையும் கழுவி, ஈரம் துளியும் இல்லாதபடி உலர்த்திய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். பழைய நீர் ஒரு கரண்டிகூடப் புதிய தொட்டிக்குப் போகக் கூடாது. நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் இரண்டு தொட்டிகளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

வெல்வெட் என்ற ஐயம் இருந்தால் இந்த முறை பயன்படாது, செம்பு தேவைப்படும். அதையும் தனித்தொட்டியில்தான் தர வேண்டும். இங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு. கடையில் கிடைக்கும் செம்பு மருந்துகள் இரண்டு வகை. செம்பு சல்பேட் போன்ற தனி அயனி வகைக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை என்பது அளவு. பிணைக்கப்பட்ட செம்பு என்று விற்கப்படும் வகைக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம். ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்துக்கொண்டால் பத்து மடங்கு வேறுபாடு ஆகிவிடும். ஒரு பக்கம் மீன் இறக்கும், மறுபக்கம் ஒட்டுண்ணி பிழைக்கும். மருந்துப் புட்டியின் மீதுள்ள குறிப்பைப் படித்து, அந்த வகையை அளக்கக்கூடிய டெஸ்ட் கிட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் செம்பைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக அளவைக் கூட்டி, முப்பது நாட்கள் அந்த அளவு குறையாமல் காக்க வேண்டும். ஏனெனில் செம்பு கொல்வது நீரில் நீந்தும் இளம் ஒட்டுண்ணியை மட்டுமே. மீனின் தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது அண்டுவதில்லை. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைச் செம்புடன் சேர்க்கக் கூடாது. அம்மோனியா ஏறினால் அதே அளவு செம்பு கலந்த புதிய நீரைக்கொண்டு பாதி நீரை மாற்றுங்கள்.

இதற்கிடையில் உங்கள் பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாட்கள் இருக்கட்டும். இவ்வளவு நாளா என்று தோன்றும். ஆனால் உறைக்குள் எழுபது நாட்களுக்கு மேல் உயிரோடிருந்து வெளிவந்த ஒட்டுண்ணிகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அவசரப்பட்டு ஒரு மாதத்தில் மீனை விட்டால் இவ்வளவு உழைப்பும் வீணாகும். இறால்களும் நத்தைகளும் அங்கேயே இருக்கலாம். இந்த ஒட்டுண்ணி அவற்றில் வாழாது. அவற்றுக்குச் சிறிதளவு இரை மட்டும் போட்டு வாருங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தாதீர்கள்; கை நனைந்திருந்தால் துடைத்துவிட்டு வாருங்கள். வெல்வெட் கிருமி ஏர் ஸ்டோனிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளின் வழியாகவே மூன்று மீட்டர் தொலைவு வரை பரவக்கூடியது என்பதால், தனித்தொட்டியை முடிந்தால் வேறு அறையில் வையுங்கள்.

நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் வெண்புள்ளிக்கு நீரின் சூட்டைக் கூட்டச் சொல்வார்கள். அது வேறு ஒட்டுண்ணிக்குச் சொன்ன வழி. கடல்நீரில் பின்பற்ற வேண்டாம். இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை: நீல டேங் முழு வளர்ச்சியில் ஓர் அடி நீளம் வரும் மீன்; நாள் முழுவதும் நீந்துவது. 200 லிட்டரில் அது எப்போதும் நெருக்கடியிலேயே இருக்கும். நெருக்கடியில் இருக்கும் மீனுக்கே நோய் முதலில் வருகிறது. குணமான பிறகு அதற்குப் பெரிய இடம் பாருங்கள்.

கேள்வி: கடலில் பிடிக்கப்பட்ட குளோன் மீன்கள் இரண்டை வாங்கினேன். மறுநாளே உடலில் வெள்ளைச் சளிப்படலம் திட்டுத்திட்டாக உரிந்து தொங்கியது. இரை எடுக்கவில்லை, நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறின. செம்பு மருந்து கொடுத்தேன், ஒன்று இறந்துவிட்டது. மற்றதையாவது காப்பாற்ற வழி உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இது பெரும்பாலும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியால் வருவது. கடலில் பிடிக்கப்பட்ட குளோன் மீன்களை இது அதிகமாகத் தாக்குவதால், குளோன் மீன் நோய் என்றே பெயர் பெற்றுவிட்டது. செம்பு இதற்குப் பயன்படாது என்பதால் உங்கள் மருந்து தோற்றதில் வியப்பில்லை. இது உறை கட்டுவதில்லை. மீனின் உடலிலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். அதனால்தான் ஓரிரு நாளில் நிலைமை கைமீறுகிறது.

இதற்கு நெடுநாளாகப் பயன்பட்டு வருவது ஃபார்மலின் குளியல். தனி வாளியில், தொட்டியிலுள்ள அதே உப்புத்தன்மையும் வெப்பமும் கொண்ட நீரில், லிட்டருக்கு 0.15 மில்லி என்ற கணக்கில் 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கொண்ட ஃபார்மலினைக் கலந்து, ஏர் பம்ப்பை வலுவாக ஓடவிட்டு, 45 நிமிடம் வரை மீனை வைத்திருப்பார்கள். பிறகு பழைய தொட்டிக்குத் திருப்பாமல் புதிய நீருள்ள தொட்டிக்கு மாற்றுவார்கள். ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் குளியல் முடியும் வரை அருகிலேயே இருங்கள். மீன் தள்ளாடினால் உடனே எடுத்துவிடுங்கள். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த மருந்தைத் தூக்கி எறியுங்கள், அது மீனுக்கு நஞ்சு. மனிதருக்கும் ஃபார்மலின் தீங்கானது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டே கையாள வேண்டும். கால்நடை மருத்துவர் அல்லது மீன்வள வல்லுநர் ஒருவரின் மேற்பார்வை கிடைத்தால் மிகவும் நல்லது.

இறந்த மீனைப் பற்றி ஒரு சொல். இறந்து சில நிமிடங்களுக்குள், தோலின் சளியையும் ஒரு செவுள் இழையையும் கண்ணாடித் துண்டில் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தால் நோயை ஊகிக்க வேண்டிய தேவையே இராது. வெண்புள்ளி ஒட்டுண்ணி உருண்டையாக மெல்லச் சுழலும். வெல்வெட் பேரிக்காய் வடிவில் பழுப்பாக, அசையாமல் ஒட்டியிருக்கும். புரூக்ளினெல்லா ஒரு பக்கம் குழிந்த உருவத்தோடு விரைந்து ஊர்ந்து திரியும். நேரம் கடந்துவிட்டால் ஒட்டுண்ணிகள் உடலை விட்டு நீங்கிவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. கல்லூரி மாணவர் நுண்ணோக்கியே இதற்குப் போதும்.

அடுத்த முறை பண்ணையில் பிறந்த குளோன் மீன்களையே கேட்டு வாங்குங்கள். மத்தியக் கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனமும், பறங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் குளோன் மீன்களைப் பண்ணையில் பெருக்கும் முறையில் நெடுங்காலம் வெற்றிகரமாகப் பணியாற்றியுள்ளன. அப்படி வளர்ந்த மீன் தொட்டி நீருக்கும் இரைக்கும் பழகியது; பிடிபட்டபோதும் பயணத்திலும் பட்ட காயங்கள் அதற்கு இல்லை. கடலில் இருக்கும் மீனும் கடலிலேயே இருக்கும்.

கேள்வி: காலையில் எழுந்து பார்த்தால் எல்லா மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. உடலில் எந்தப் புள்ளியும் இல்லை. முந்தைய இரவு சில மணி நேரம் மின்சாரம் இல்லை. கடற்கரையிலிருந்து நானே நீர் கொண்டுவந்து பயன்படுத்துகிறேன். எந்த மருந்து கொடுக்கலாம்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். எல்லா மீன்களும் ஒரே வேளையில் திணறினால் முதலில் நீரைச் சந்தேகியுங்கள். நோய் பெரும்பாலும் ஒரு மீனில் தொடங்கி மற்றவற்றுக்குப் பரவும். நீர் கெட்டால் எல்லா மீன்களும் ஒன்றாகத் தவிக்கும்.

25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீரால் 7 மில்லிகிராமைக்கூடத் தாங்க முடியாது. சூடு ஏற ஏற அதுவும் குறையும். பம்ப் நின்று, நீரின் மேற்பரப்பு அசையாமல், புழுக்கமான இரவில் அறை வெப்பமும் 30 டிகிரியைத் தாண்டினால், மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து இருக்கும் ஆக்சிஜனை விடிவதற்குள் தீர்த்துவிடும். உடனடியாக ஏர் ஸ்டோனை இயக்கி, ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது, நம் ஊர்க் கோடையில் எந்த மருந்தையும்விடப் பயன்தரும்.

மூச்சு சீராகத் தொடங்கியதும் அம்மோனியாவை அளந்து பாருங்கள்; அது பூஜ்யமாக இருக்க வேண்டும். கடல்நீரின் பி.ஹெச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அம்மோனியா இங்கே கொல்லும், பி.ஹெச். உயர உயர அம்மோனியாவின் நச்சு வடிவம் பல மடங்காகிறது. அம்மோனியா சிறிதேனும் தெரிந்தால் அன்றே நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, இரையை இரண்டு நாட்களுக்கு நிறுத்துங்கள்.

கடற்கரை நீர் குறித்தும் எச்சரிக்கை தேவை. மழைக்குப் பிறகும் முகத்துவாரத்துக்கு அருகிலும் உப்புத்தன்மை சட்டென இறங்கும். துறைமுகப் பகுதியில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும். ஒட்டுண்ணிகளும் அந்த நீரோடு வீட்டுக்கு வந்து சேரும். கரையிலிருந்து தள்ளி எடுத்த தெளிந்த நீரை வடிகட்டி, மூடிய கலனில் இருட்டில் சில வாரங்கள் வைத்திருந்து, உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரை இருப்பதை உறுதிசெய்த பின்பே பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் ஏஞ்சல் மீன் பாறையில் உடலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கண் மங்கிவிட்டது. வெண்புள்ளி இல்லை. என்னவாக இருக்கும்?
— வாசகர், மதுரை

பதில்: தோலிலோ செவுளிலோ தட்டைப்புழுக்கள் ஒட்டியிருக்கலாம். இவை பெரும்பாலும் நிறமற்றவை என்பதால் மீனின் மீதிருந்தும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி நன்னீர்க் குளியல். அடிப்பகுதி கருநிறமான பாத்திரத்தில் ஆர்.ஓ. நீரை ஊற்றி, அரை மணி நேரமாவது ஏர் ஸ்டோனை ஓடவிட்டு, சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துத் தொட்டியின் பி.ஹெச். அளவுக்குக் கொண்டுவாருங்கள், வெப்பமும் ஒன்றாக இருக்கட்டும். மீனை அதில் ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் விடுங்கள். சில மீன்கள் முதல் நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் கண்ணை எடுக்காமல் பாருங்கள், மூச்சு நின்றுபோவது போலிருந்தால் உடனே திருப்பிவிடுங்கள். புழுக்கள் இருந்தால் நன்னீர் பட்டதும் வெளுத்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளைத் தகடுகளாக உதிர்ந்து, கரிய அடிப்பகுதியில் தெளிவாகத் தெரியும். மங்கிய கண்ணின் மேலிருந்தே ஒன்று நழுவி விழுவதைப் பார்த்தால் பிறகு ஐயமே இராது.

இந்தக் குளியல் நோயைக் காட்டும், ஓரளவு ஆறுதலும் தரும், முழுமையாகத் தீர்க்காது. தனித்தொட்டியில் பிராசிகுவான்டெல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் கொடுங்கள். புழுவின் முட்டையை இந்த மருந்து அழிக்காது. ஆகவே முட்டைகள் பொரித்து வரும் வேளையில், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இரண்டாம் முறையும் கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டாம் முறையைத் தவிர்ப்பவர்களே மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதுகிறார்கள். மருந்து நாட்களில் காற்று நன்றாக ஓடட்டும்.

கேள்வி: வண்ணத்துப்பூச்சி மீனின் துடுப்பு ஓரத்தில் முடிச்சு முடிச்சாக வெள்ளைக் கட்டிகள். மீன் நன்றாகச் சாப்பிடுகிறது. கத்தரித்து எடுத்துவிடலாமா?
— வாசகர், கொழும்பு

பதில்: கூடவே கூடாது. இது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். இதற்கு மருந்து கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. நல்ல நீரும், பலவகை இரையும், சண்டைக்கார மீன்களிடமிருந்து பாதுகாப்பும் இருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக உதிர்ந்துவிடும். கட்டி வாயை மூடி இரை எடுக்க முடியாமல் செய்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெண்புள்ளிக்குப் பூண்டுச் சாறு கலந்த இரை போதும் என்கிறார்கள். கிளீனர் ராஸ் மீன் ஒன்றை விட்டால் புள்ளிகளைத் தின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருச்சி

பதில்: பூண்டின் மணத்தால் சில மீன்கள் இரையை ஆவலோடு எடுக்கலாம். நோயுற்ற மீன் சாப்பிடுவது நல்லதே. அந்த அளவுக்குத்தான் அதன் பயன். அது ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று நம்பி நாட்களைக் கடத்தினால், மேலே சொன்னபடி தரையில் உறைகள் பெருகியிருக்கும். யு.வி. விளக்கும் அப்படியே: நீரில் நீந்துவதில் ஒரு பகுதியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது.

கிளீனர் ராஸ் கடலில் முக்கியமாகத் தின்பது மீனின் தோல்மேல் ஒட்டும் சிறு ஓட்டுடலிகளையும் சளியையும். வெண்புள்ளி ஒட்டுண்ணி மேல்தோலுக்கு உள்ளே இருப்பதால் அதன் வாய்க்கு எட்டாது. வீட்டுத் தொட்டியில் போதிய இரை கிடைக்காமல் இந்த மீன்களில் பல மெலிந்து இறந்துபோகின்றன. தவிர, அதுவும் ஒரு மீன்தான், வெண்புள்ளி அதற்கும் வரும். தயவுசெய்து இதற்காக ஒன்றை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு தனித்தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கி, புதிதாக வரும் ஒவ்வொரு மீனையும் ஒரு மாதம் அதில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள்.